நாலு பேர், பன்னிரண்டு தாவணி

திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் தாவணிக்கு மாறிவிட வேண்டும். 1970களின் பிற்பாதி அது. பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியும் கடமைக்குக் கட்டுவது. ஆசைக்குக் கட்டுவது வேறு. கல்யாண வீடு, கோயில் திருவிழா, தோழி வீட்டுச் சடங்கு என்று எதற்குப் போவதானாலும் முதல் நாள் சாயங்காலமே எங்கள் பேச்சு தொடங்கிவிடும். எந்தப் பாவாடைக்கு எந்தத் தாவணி, மடிப்பு வைப்பதா அகல விடுவதா, தலைக்கு மல்லியா கனகாம்பரமா என்று பேசிப் பேசி இருட்டிவிடும்.

நாங்கள் நாலு பேர். ஒருத்தி நாகல் நகர், சௌராஷ்டிர வீட்டுப் பெண். ஒருத்தி பேகம்பூர். ஒருத்தி மரியநாதபுரம். எங்கள் வீடு கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. விசேஷத்துக்கென்று ஆளுக்கு மூணு பாவாடை, மூணு தாவணி. அதுவே அந்தக் காலத்தில் தாராளம். தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று வருஷத்துக்கு ஒன்று வந்து சேரும். பழையதில் ஒன்று தங்கைக்குப் போகும். கணக்கில் கெட்டிக்காரியான நாகல் நகர்க்காரிதான் ஒரு நாள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

"இங்க பாருங்கடி. மூணு பாவாடை, மூணு தாவணி. மாத்தி மாத்திக் கட்டினா ஒருத்திக்கு 9 விதம். நாலு பேரோடதையும் ஒண்ணாச் சேர்த்தா 12 பாவாடை, 12 தாவணி. 144 விதம்!"

தனித்தனியாக வைத்திருந்தால் நாலு பேருக்கும் சேர்த்து 36. ஒன்றாகச் சேர்த்தால் ஒவ்வொருத்திக்கும் 144. காசு ஒன்றும் செலவழிக்காமல் கிடைத்த சொத்து அது. அன்றிலிருந்து பீரோ நாலு வீட்டில் இருந்தாலும் உடுப்பு எல்லோருக்கும் பொது என்றாகிவிட்டது.

எழுதி வைக்காத சட்டங்கள் சில இருந்தன. வாங்கிப் போனதைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, மடித்துத்தான் திருப்பித் தர வேண்டும். புதுத் தாவணியை உடையவள் முதலில் ஒரு தடவை கட்டிய பிறகுதான் மற்றவர்கள் கேட்கலாம். கட்டிப் போன இடத்தில் யாராவது "நல்லா இருக்கே, எங்க எடுத்தது?" என்று கேட்டால் அந்த வார்த்தையை மறக்காமல் கொண்டுவந்து உடையவளிடம் சேர்க்க வேண்டும். இந்த மூன்றாவது சட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. என் மாம்பழ மஞ்சள் தாவணி மரியநாதபுரத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், நான் பார்த்தே இராத ஒரு பெரியம்மா அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதும் என் வீட்டுக்கு வந்து சேரும்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் கூடுவோம். கோடையில் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கி வைத்த சூடு ராத்திரி வரைக்கும் எங்கள் தெருவில் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வெக்கையிலும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்ப்போம். வாடாமல்லிப் பாவாடைக்குக் கிளிப்பச்சைத் தாவணி எடுக்கும் என்று சொன்னவள் நாகல் நகர்க்காரி. அரக்குக்கு மயில்கழுத்து நிறத்தைப் போட்டுப் பார்த்தது நான். ஒரே நிறத்தில் பாவாடையும் தாவணியும் கட்டினால் கண் நிற்க இடம் இருக்காது, எதிர் நிறம் வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. கட்டிக் கட்டித்தான் கண்டுபிடித்தோம்.

துணி ஒன்றாக இருந்தாலும் கைக்குக் கை அது மாறியது. நாகல் நகர்க்காரி விரல் அகலத்துக்கு மடிப்பு எடுத்துத் தோளில் ஊக்குக் குத்துவாள்; ஓடினாலும் கலையாது. மரியநாதபுரத்துக்காரி மடிக்காமல் அப்படியே தோளில் போட்டு முழங்கை வரை வழியவிடுவாள். கரை முழுக்கத் தெரியும். பேகம்பூர்க்காரி தாவணியின் மிச்சத்தை எடுத்துத் தலையில் முக்காடு போடும்போது காதோரம் இரண்டு சிறிய மடிப்பு விழும். அந்த இரண்டு மடிப்புக்காக நாங்கள் எல்லோருமே முக்காடு போட்டுப் பார்த்தோம். மரியநாதபுரத்தாளும் பூசைக்குப் போகும்போது முந்தியைத் தலையில் இழுத்து விட்டுக்கொள்பவள்தான். ஆனால் அந்தக் காதோர மடிப்பு அவளுக்கும் புதிது. பேகம்பூர்க்காரியை உட்கார வைத்துக் கற்றுக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தேவாலயத்துக்கு அப்படிப் போட்டுப் போனாள்.

இதையெல்லாம் தனியாக ஒருத்தி செய்துகொள்ள முடியாது. பீரோக் கண்ணாடி முன்பக்கத்தைத்தான் காட்டும். முதுகில் விழும் முந்தி எவ்வளவு நீளம், கரை நேராக இறங்குகிறதா, இடுப்பில் சொருகியது பிதுங்குகிறதா என்பதெல்லாம் பின்னால் நிற்பவளின் கண்ணுக்குத்தான் தெரியும். "திரும்புடி", "நில்லுடி", "மூச்சை இழுத்துக்க" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி கீழே உட்கார்ந்து பாவாடை விளிம்பை இழுத்துவிட, மூன்றாமவள் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். என் பதின்ம வயதில் என் அழகைப் பற்றி எனக்கு இருந்த நம்பிக்கை அத்தனையும் அந்த மூன்று பேரின் கண்ணிலிருந்து வந்தது. இன்றும் அதை நான் நம்புகிறேன்.

எங்கள் பன்னிரண்டில் பாதிக்கு மேல் சின்னாளபட்டித் தாவணிகள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால், சிறுமலை அடிவாரத்தில், காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அங்கே நெய்த ஆர்ட் சில்க் சேலைகளைச் 'சின்னாளபட்டிப் பட்டு' என்றே கடைகளில் கேட்பார்கள். பட்டுப்புழுவுக்குச் சம்பந்தமில்லாத பட்டு. மரக்கூழைக் கரைத்து நுண்துளைகள் வழியாகப் பிழிந்து இழையாக்குவது. பிரெஞ்சுக்காரர் ஷார்தொனே 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் செயற்கைப் பட்டை உலகுக்குக் காட்டினார். 1892இல் இங்கிலாந்தில் க்ராஸ், பெவன், பீடில் என்ற மூவர் விஸ்கோஸ் முறையைக் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்தில் பெரும்பாவூரின் திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலை 1950இல் இழை எடுக்கத் தொடங்கியது. பிறகு மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையிலும் ஒரு விஸ்கோஸ் ஆலை வந்தது. இந்த விவரமெல்லாம் நான் பின்னாளில் படித்தவை. அந்த வயதில் தெரிந்தது அதன் மினுமினுப்பும் கனமும்தான்.

காஞ்சிபுரம் பட்டு எங்கள் வீடுகளுக்குக் கல்யாணத்தை ஒட்டித்தான் வரும். அதைத் தொடவே அம்மாவின் உத்தரவு வேண்டும். சின்னாளபட்டிப் பட்டோ பதினைந்து வயதிலேயே எங்கள் கைக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது பளபளக்கும். கட்டினால் தண்ணீராக வழுக்கி இறங்கும். பீடி சுற்றும் வீட்டுப் பெண்ணும் பூட்டுப் பட்டறைக்காரர் மகளும் பட்டு உடுத்திய நிறைவோடு கல்யாணப் பந்தலில் உட்கார முடிந்தது இதனால்தான். செயற்கை என்று அதை மட்டமாகப் பேசுபவர்களிடம் நான் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஒரு ஊரின் பெண்களுக்கு மினுமினுப்பில் பங்கு கொடுத்த துணி அது.

அதைப் பேணவும் தெரிந்திருக்க வேண்டும். நனைந்தால் ரேயான் இழையின் வலு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் "ஈரத்துல முறுக்கிப் பிழியாதடி, உசிரே போயிரும் அதுக்கு" என்பாள். தண்ணீரில் அலசி, அப்படியே கொடியில் போட்டுச் சொட்ட விடுவோம். காய்ந்தபின் நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்து உதறி மடிப்போம்.

பெரிய அத்தை சேலை எடுக்கச் சின்னாளபட்டிக்குப் போகும்போது எங்களையும் கூட்டிப் போவாள். தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் சௌராஷ்டிரமும் காதில் விழும். நாகல் நகர்க்காரி சௌராஷ்டிர வீடு ஒன்றில் தன் பாஷையில் இரண்டு வார்த்தை பேசினால் போதும். உள்ளே இருக்கும் நல்ல சரக்கு வெளியே வரும். அத்தை சேலையை விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், கரையைத் திருப்பிப் பின்பக்கத்து நூலைப் பார்ப்பாள், முந்தியைக் கையில் கசக்கி விடுவாள். பிறகு எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு அவள் தோளில் போட்டுவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பாள். "தள்ளி நின்னு பாத்தாத்தான்டி சேலை பேசும்." தோளில் போட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காகவே எங்களைக் கூட்டிப் போனாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது.

சுங்குடிச் சேலையை நான் முதலில் பார்த்ததும் அங்கேதான். பருத்தித் துணியில் நகக்கண்ணால் ஒரு பொட்டளவு கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கி உலர்த்திய பிறகு முடிச்சை அவிழ்த்தால் நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். மேற்கே சௌராஷ்டிரத்திலிருந்து விஜயநகரம் வழியாக வந்து நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய மக்களின் கைவேலை. 'மதுரை சுங்குடி' என்ற பெயரில் 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது மெழுகு அச்சில் புள்ளி வைத்த சேலைகளே அதிகம். அவற்றில் புள்ளியெல்லாம் ஒரே அளவு. முடிச்சுப் போட்ட சேலையில் ஒன்றுக்கு ஒன்று மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் அதைக் கட்டிய பெண்ணின் விரல் தெரியும்.

நாகல் நகர்க்காரியின் அம்மா முடிச்சுப் போடுகிறவர். சாயங்காலம் திண்ணையில் ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கதை பேசியபடி கட்டுவார்கள். கண்ணும் கழுத்தும் வலிக்கும் வேலை. அதற்குக் கிடைத்த கூலி அந்த வலிக்கு ஈடாகாது. அவர் ஒரு நாள் எனக்கு ஒரு கைக்குட்டை அகலத் துணியைக் கொடுத்துக் கட்டக் கற்றுத் தந்தார். "பேசிக்கிட்டே கட்டும்மா. பேசாமக் கட்டினா விரல் மரத்துப் போகும்" என்றார். உடுத்துவதற்கு மட்டும் அல்ல, ஆக்குவதற்கும் துணை வேண்டும் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

எங்கள் அப்பத்தா கட்டியது பின்கொசுவம். மடிப்பை முன்னால் சொருகாமல் பின்னால் இடுப்பில் விசிறியாக விரித்து விடுவது. "கொசுவம் பின்னால இருந்தா எட்டி வச்சு நடக்கலாம், வயல்ல குனிஞ்சு நிமிரலாம். முன்னால இருந்தாக் காலைத் தடுக்கும்" என்பாள். இப்போது கடையில் கிடைக்கும் சேலை 6 கஜம், ஐந்தரை மீட்டர். அப்பத்தாவின் சேலைகள் அதைவிட நீளம். ஒரு விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் அவளிடம் பின்கொசுவம் கற்றுக்கொண்டோம். அவளுடைய கட்டம் போட்ட கண்டாங்கியை ஒவ்வொருத்தியாகக் கட்டிப் பார்த்தோம். பேகம்பூர்க்காரிக்குத்தான் முதலில் படிந்தது. அப்பத்தா அவளைத் திருப்பி நிறுத்தி, "நீதான்டி என் பேத்தி" என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது. வயதாகி அப்பத்தாவின் கை நடுங்கத் தொடங்கியபின் அவளுக்குக் கொசுவம் வைத்துவிட்டது நாங்கள்தான்.

மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. பூச்சொரிதல் அன்று ஊரே தெருவில் இருக்கும். வேண்டிக்கொண்டவர்கள் மஞ்சள் சேலையில் வருவார்கள். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லி கூடை கூடையாக வந்து இறங்கும். அன்றைக்குப் பேகம்பூர்க்காரியும் மரியநாதபுரத்துக்காரியும் மத்தியானமே எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கும் நாகல் நகர்க்காரிக்கும் கட்டிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நாங்கள் மரியநாதபுரம் போவோம், ரம்ஜானுக்குப் பேகம்பூர். ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்த வீட்டுப் பெண் கொலுவிருப்பாள். மற்ற மூவர் அவளை அலங்கரிப்போம். ஊரில் எங்கள் நாலு வீட்டுப் பெரியவர்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதே இந்தத் தாவணிகள் போய்வந்த வழியில்தான்.

படிப்பு முடிந்து, கல்யாணமாகி, நாலு பேரும் நாலு ஊருக்குப் போனோம். 1990களில் என் தம்பி கல்யாணத்துக்கு அத்தை மகள், எனக்கு மதினி முறை, பாரிஸிலிருந்து வந்தாள். புதுச்சேரிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கே போய் ஆஸ்பத்திரியில் செவிலியாக இருந்தவள். மாடி அறையில் பெண்கள் எல்லோரும் உடுத்திக்கொண்டிருந்தபோது பையிலிருந்து ஒரு பட்டுச் சதுரத்தை எடுத்து விரித்தாள். ஹெர்மெஸ் நிறுவனத்தின் ஸ்கார்ஃப். 1837இல் குதிரைச் சேணம் தைக்கத் தொடங்கிய நிறுவனம் அது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1937இல், முதல் பட்டுச் சதுரத்தை வெளியிட்டது. பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர். ஓரத்தைக் கையால் சுருட்டித் தைத்திருந்தார்கள். அத்தை அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு ஜாக்கெட்டுக்குத் தாராளமாக் காணும்" என்றாள்.

"ஐயோ அம்மா, வெட்டிறாதீங்க. இது என்னோடது மட்டுமில்ல" என்றாள் மதினி. அவளோடு வேலை பார்த்த செவிலியர்கள் ஆறு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கியதாம். வாரத்துக்கு ஒருத்தியாகக் கட்டிக்கொள்வார்களாம். ஒருத்தி கழுத்தில், ஒருத்தி கூந்தலில், ஒருத்தி கைப்பையில். ஊருக்குப் போகிறாள் என்பதால் மற்ற ஐந்து பேரும் தங்கள் வாரத்தை இவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நான் நாகல் நகர்க்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கணக்குப் பாடம் பாரிஸிலும் நடந்திருக்கிறது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்காரி. அந்த ஊர்ப் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர். நம் சோழமண்டலக் கரையில் நெய்து, மதராஸ் துறைமுகத்துப் பேரில் கப்பலேறிய துணியின் வழி வந்தது. 1853 முதல் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அந்தத் தீவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு முன்பே நம் துணி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் தலைக்கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பதற்கு ஒரு பொருள் உண்டு என்றாள் மதினி. ஒரு முனை நின்றால் மனசு காலியாக இருக்கிறது. இரண்டு என்றால் ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது. மூன்று என்றால் கல்யாணமானவள். நாலு முனை நின்றால், யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

அதற்குப் பிறகு கல்யாண வேலை ஓடவில்லை. கட்டம் போட்ட கைத்தறித் துண்டுகளை எடுத்துவந்து ஆளாளுக்குத் தலையில் கட்டத் தொடங்கினோம். கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு ஒரு முனை, பேசி முடித்திருந்தவளுக்கு இரண்டு, எங்களுக்கெல்லாம் மூன்று. எண்பதைத் தாண்டிய அப்பத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு நாலாக் கட்டுத்தா" என்றாள். கீழே பந்தலில் இருந்த ஆண்கள் என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவரும் அளவுக்குச் சிரித்தோம். அவளுக்கு நாலு முனையும் விறைப்பாக நிற்கும்படி கட்டி முடித்தவள் பேகம்பூர்க்காரி.

இப்போது தாவணி விசேஷ உடுப்பாகிவிட்டது. பள்ளிகள் சுடிதாருக்கு மாறிப் பல காலம் ஆயிற்று. சின்னாளபட்டிச் சேலைகளோடு சூரத்து பாலியஸ்டர் போட்டியிட்டு வெகுவாக முந்திவிட்டது. ஆனாலும் அந்த ஊர்ப்பக்கம் சுங்குடியில் சுடிதார் துணியும் துப்பட்டாவும் வருகின்றன. என் மகள் வேலைபார்க்கும் இடத்தில் அவளுடைய தோழிகள் அவற்றை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். விடுமுறைக்கு வரும்போது என்னிடம் பின்கொசுவம் கேட்டார்கள். நான் ஒருத்திக்குக் கட்டிவிட, மற்றவர்கள் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் கட்டிக்கொண்டார்கள். கைபேசியில் படம் எடுத்தாலும், பின்னால் நின்று சரிசெய்ய ஒரு தோழி வேண்டியிருக்கிறது. அதில் ஒன்றும் மாறவில்லை.

பட்டைப் பூட்டி வைத்தால் காலத்துக்கும் இருக்கும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பட்டைக் கெடுப்பது ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடப்பதுதான். மடிப்பு விழுந்த கோட்டில் இழை நைந்துபோகும், ஜரிகை ஒடியும். ஒரு நாள் ஆசையாக எடுத்து உதறும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும். எத்தனையோ நல்ல கூறைச் சேலைகள் இப்படித்தான் போயின. சில மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டையை ஜரிகையில் படும்படி போடக் கூடாது.

மடிப்பை மாற்ற எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, கட்டிக்கொள்ளக் கொடுப்பது. அடுத்த கல்யாணத்துக்குப் புதுச் சேலை எடுக்கக் கிளம்பும் முன் மதினியிடமோ கொழுந்தியாளிடமோ பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். உங்களுடையதில் ஆகச் சிறந்ததை அவளிடம் கொடுங்கள். கூச்சமாக இருந்தால் கொசுவம் பிடித்துவிட வரச் சொல்லி, அந்தச் சாக்கில் பீரோவைத் திறந்து காட்டுங்கள். போன சேலை திரும்பி வரும்போது புது மடிப்பில் வரும். அதைப் பற்றி நாலு பேர் சொன்ன நல்ல வார்த்தையையும் அவள் சேர்த்துக் கொண்டுவருவாள்.